துருப் பள்ளம் விழுந்த ஷட்டர்: பெயிண்ட் அடிக்கும் முன்

ஆயுத பூஜை நெருங்கிவிட்டால் கடைக்கு வெள்ளையடித்து, ஷட்டருக்கும் ஒரு பூச்சு பெயிண்ட் கொடுத்துவிடுவது நம் வணிகர்களின் வழக்கம். கார்த்திகை மழை முடிவதற்குள் அந்த ஷட்டரின் அடிப்பக்கம் கொப்புளம் விட்டு, விரல் பட்டாலே உதிர்கிறது. உடனே பெயிண்ட் கடைக்காரரைக் குறை சொல்கிறோம். பாவம், அவரும் நம் சங்கத்து உறுப்பினர்தான். பெரும்பாலும் குறை பெயிண்டில் இல்லை, அதற்கு அடியில் விட்டுவைத்த துருவில் இருக்கிறது.

எங்கள் மண்டியில் கைமாறுவது உப்பும் புளியும். இரும்புக்கு இவற்றைவிடப் பொல்லாத சரக்கு கிடையாது. ஈரமும் காற்றும் சேர்ந்தாலே இரும்பு துருப்பிடிக்கும். உப்பும் சேர்ந்துவிட்டால் துரு மேலோடு நிற்காமல் குழி பறித்துக்கொண்டு உள்ளே போகிறது. குழியின் அடியில் தங்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே எத்தனை பூச்சு பூசினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருமனாவதால், பெயிண்டைத் தூக்கிவிடுகிறது.

முதலில் சிறு சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், செத்த தகடு மொத்தென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பார்க்கலாம். ஓட்டை விழுந்தால் அங்கே பட்டி வைத்து மூடுவது வீண் வேலை. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வெல்டிங் வைப்பதே முறை. அடிப்பட்டை இற்றுப்போன ஷட்டர் எலிக்கும் வழி, திருடனுக்கும் வழி.

தகடு தாங்கும் என்றால், சோப்புத் தண்ணீரில் கழுவி உப்பையும் அழுக்கையும் போக்கி, நன்றாக உலர விட வேண்டும். ஓரச் சேனலின் கிரீஸைத் தின்னரால் துடைக்க வேண்டும். பிறகு கம்பி பிரஷ், உப்புத் தாள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கிரைண்டரில் மாட்டிய கம்பி பிரஷ் மேல்துருவைப் பளபளப்பாக்கிவிடும், குழிக்குள் இருப்பது அப்படியே இருக்கும். கூர்முனையால் ஒவ்வொரு குழியாகச் சுரண்டிய பின், பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் ரிமூவரைத் தடவ வேண்டும். கையுறை அவசியம். டப்பாவில் சொன்ன நேரம் கழித்துக் கழுவி, உடனே காய வைக்க வேண்டும். ஜி.ஐ. பட்டை என்றால் துருப்பிடித்த இடத்தை மட்டும் தொட வேண்டும். நன்றாக இருக்கும் துத்தநாகப் பூச்சைச் சுரண்டிவிடக் கூடாது.

செலவு குறையும் என்று சில பெயிண்டர்கள் கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் கொண்டுவருவார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைச் சட்டென்று தின்னும், ஆனால் உப்பில் இருக்கும் அதே குளோரைடைக் குழிக்குள் விட்டுப் போகும். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். துருவைக் கருப்பாக்கிக் கெட்டிப்படுத்தும் திரவங்களும் விற்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு அடிப்படை டானிக் அமிலம். நாம் விற்கும் கடுக்காயின் துவர்ப்பும் அந்த வகைதான். கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இதனால்தான்.

பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது இன்னொரு ஆபத்து உண்டு. வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூள் திறந்த அரிசி மூட்டையிலும் பருப்பிலும் விழுந்தால் அது நம் வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தையின் தட்டுக்குப் போகிறது. சரக்கை உள்ளே தள்ளி மூடி, ஈரத் தாள் கொண்டு தேய்த்து, தூளைத் துடைத்து எடுப்பது நம் பொறுப்பு.

சுத்தம் செய்த இரும்பை ஒரு ராத்திரி கூட வெறுமனே விடக் கூடாது. கடலோர ஊர்களில் மாலைக்குள்ளேயே செம்மை படர்ந்துவிடும். அன்றே ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் அடித்துவிட வேண்டும். வெறும் ரெட் ஆக்சைடைவிட இது நல்ல காவல். குழிகளில் பிரஷ்ஷைக் குத்திக் குத்தி இறக்க வேண்டும். சுருளும் பட்டைகளில் பட்டி வைக்க வேண்டாம், நாலு நாளில் தெறித்து விழும். குழி தெரிந்தால் தெரியட்டும், ஷட்டர் என்ன மாப்பிள்ளையா? அசையாத சட்டத்திலும் இரும்பு அலமாரியிலும் மெல்லிசாக வைத்துத் தேய்க்கலாம். பட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அதன்மேல் மறுபடி பிரைமர், அதற்கு மேல் இரண்டு பூச்சு எனாமல். ஆயுத பூஜையைவிட மாசி, பங்குனி இதற்கு ஏற்ற காலம்.

காலையில் வாசல் தெளிக்கும் தண்ணீர் ஷட்டர் காலடியில் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்பு மூட்டையை அதன்மேல் சாய்க்கக் கூடாது.

இதே கையோடு துருப்பிடித்த இரும்பு எடைக்கற்களையும் தேய்த்து பெயிண்ட் அடித்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தேய்த்தால் எடை குறையும், பூசினால் கூடும். சரியில்லாத கல்லை உபயோகிப்பது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றம். அவற்றை அப்படியே எடுத்துப்போய் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் காட்டி, சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும். தேறாது என்று அவர் சொன்னால் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்.