"என்ன தேவை?" என்று கேட்டால் என்ன சொல்வது?

நீங்கள் சொந்தக் காணிக்குத் திரும்பிய சில நாட்களில், தொண்டர் ஒருவர் கொப்பியும் பேனாவுமாக வந்து "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்கலாம். "நீங்கள் தாறதைத் தாங்கோ" என்றுதான் நம்மில் பலர் பதில் சொல்கிறோம். வாய்விட்டுக் கேட்பது கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலால் உங்களுக்கும் பயனில்லை, வந்தவருக்கும் பயனில்லை. அவுஸ்திரேலியாவில் காட்டுத்தீக்குப் பின் நடந்தவை இதை நன்றாக விளக்கும். அங்கே அழிவுக்குக் காரணம் வேறு. ஆனாலும் வீடிருந்த இடத்தில் வெறும் அத்திவாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற குடும்பங்களின் நிலை உங்களுக்குப் புதிதல்ல.

2009 பெப்ரவரி 7ஆம் திகதி, சனிக்கிழமை, விக்டோரியா மாநிலத்தில் பெருந்தீ பரவியது. 173 பேர் இறந்தார்கள். 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. மேரிஸ்வில் என்ற சிற்றூர் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தது. செய்தி கேட்ட மக்கள் நாடெங்குமிருந்து உடுப்பு, போர்வை, விளையாட்டுப் பொருள், தளபாடம் என்று அனுப்பினார்கள். அப்படிச் சேர்ந்தவை ஆயிரக்கணக்கான பலட்டுகள். பலட் என்பது பாரந்தூக்கி வண்டியால் தூக்கக்கூடிய மரத்தட்டு. ஒரு தட்டில் ஆளுயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கலாம். இவ்வளவையும் வைக்கப் பெரிய களஞ்சியங்கள் தேவைப்பட்டன. பெட்டிகளைத் திறந்து, தரம்பிரித்து, பழுதானதை ஒதுக்கத் தொண்டர்கள் தேவைப்பட்டார்கள். வீடே இல்லாதவர் தளபாடத்தை எங்கே வைப்பார்? கொடுத்தவர்களின் மனதில் குறையில்லை. யாருக்கு எது வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே லொறிகள் புறப்பட்டுவிட்டன, அதுதான் சிக்கல்.

அதே ஆண்டில் பிறிஸ்பேன் நகரில் தொடங்கிய கிவிற் என்ற அமைப்பு இந்த ஒழுங்கை மாற்றியது. முதலில் தேவை பதியப்படும். அதைப் பார்த்த பிறகே கொடுப்பவர் அந்தப் பொருளைக் கொடுப்பார். 2019–2020 காலப் பெருந்தீயின்போது அதிகாரிகளும், பொருட்களை அனுப்பாமல் பணமாகத் தாருங்கள் என்று பொதுமக்களைக் கேட்டார்கள். பணம் கிடைத்தால் குடும்பம் தனக்கு வேண்டியதை ஊர்க் கடையிலேயே வாங்கும். அந்தக் கடைக்காரரும் தீயால் வியாபாரம் இழந்தவர்தானே.

எல்லாப் பொருளும் வீணானது என்று நினைத்துவிடாதீர்கள். தீ புல்வெளிகளை எரித்துவிட்டால், தப்பிய ஆடுமாடுகளுக்கு அடுத்த நாளே தீனி இல்லை. அந்த நேரத்தில் தொண்டர்கள் தூர இடங்களிலிருந்து லொறிகளில் கொண்டுவரும் வைக்கோல் பெரிய உதவி. அதிலும் ஒரு கவனம் உண்டு. வெளியிடத்து வைக்கோலோடு களை விதைகளும் வரும். அதனால் அதை ஒரே இடத்தில் வைத்துத் தீனி போடும்படி விவசாயிகளுக்கு அறிவுறுத்துவார்கள். புதிய களை முளைத்தால் அங்கேயே பிடுங்கிவிடலாம்.

வேலி இன்னொரு தேவை. 2009 தீயில் கில்மோர் ஈஸ்ற் என்ற இடத்து விவசாயத் தம்பதியரின் வேலி எரிந்துபோனது. உதவிக்கு வந்தவர்களோடு சேர்ந்து அதைத் திரும்பக் கட்டினார்கள். பிறகு, மற்றவர்களுக்கும் இதே உதவி வேண்டும் என்று உணர்ந்து பிளேஸ்எயிட் என்ற தொண்டர் அமைப்பைத் தொடங்கினார்கள். தொண்டர்கள் ஊர்த் திடல்களில் முகாமிட்டுத் தங்கி, காணிக்காரருடன் சேர்ந்து எரிந்த கம்பியை அகற்றிப் புதிதாக இழுத்துக் கட்டுவார்கள். மாடு வைத்திருப்பவருக்கு இது பத்துப் பெட்டி உடுப்பை விடப் பெரிது.

இனி உங்கள் முற்றத்துக்கு வருவோம். தொண்டர் கேட்டால் பொருளின் பெயரோடு எண்ணிக்கையையும் அளவையும் சொல்லுங்கள். "பிள்ளைகளுக்குச் சப்பாத்து" என்பது போதாது. மூன்று பிள்ளைகளின் கால் அளவையும் சொன்னால்தான் சரியானது வரும். எப்போது வேண்டும் என்பதும் முக்கியம். முதல் கிழமைக்குத் தண்ணீர்க் கலன், நுளம்பு வலை, சமையல் பாத்திரம். கூரை போட்ட பிறகுதான் கட்டிலும் அலுமாரியும். மண்வெட்டியும் அலவாங்கும் ஏற்கெனவே இருந்தால் அதையும் சொல்லுங்கள், அவை இல்லாத வீட்டுக்குப் போகட்டும். ஆள் உதவியும் கேட்கக்கூடியதே. கிணறு இறைக்கவும், பற்றை வெட்டவும், வேலி அடைக்கவும் நான்கு பேர் ஒருநாள் வந்தால் போதும் என்றால் அதையே கேளுங்கள். ஆனால் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தாத காணிக்குள் கதியால் வெட்ட நீங்களும் போகாதீர்கள், தொண்டரையும் அனுப்பாதீர்கள்.

வேண்டாததை வேண்டாம் என்று சொல்லலாம். அது நன்றி கெட்ட செயல் அல்ல. காலாவதியான உணவைத் திருப்பிக் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு யாராவது பால்மா தந்தால் வாங்க வேண்டாம். சுத்தமான நீர் கிடைக்காத இடத்தில் புட்டிப்பால் வயிற்றோட்டத்தை உண்டாக்கும்.

ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் சொல்வதை விட, கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒரே பட்டியலாக எழுதி வைப்பது நல்லது. தனித்து வாழும் முதியவர்களையும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களையும் தேடிப்போய்க் கேட்டு எழுதுங்கள், அவர்கள் கூட்டத்துக்கு வராமல் விடலாம். பட்டியலின் ஒரு பிரதி கிராம அலுவலரிடம் இருக்கட்டும், இன்னொன்று சங்கத்தில். பொருள் வந்து சேர்ந்ததும் அந்த வரியைக் கீறிவிட்டுத் திகதியைப் போடுங்கள். அடுத்த லொறி வரும்போது மிச்சமிருக்கும் வரிகளை மட்டும் வாசித்துக் காட்டலாம்.