லென்ஸ் வாங்கியாச்சு, படம் எங்கே?

கேள்வி: கேமரா, மூன்று லென்ஸ், முக்காலி எல்லாம் வைத்திருக்கிறேன். கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் படமெடுக்க இன்னும் விலையுயர்ந்த லென்ஸ் வாங்கலாமா?
– ஒரு வாசகர், பத்தாங் காலி

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தைப் பெட்ரோலுக்கு வையுங்கள். அங்கே சிலாங்கூர் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைப் பிடிக்க நிலவில்லாத, மழையில்லாத இரவு வேண்டும். அது எந்தக் கடையிலும் கிடைக்காது. மின்மினி பார்க்க ஏறும் படகு ஆடும்; அதில் உங்கள் முக்காலியும் உதவாது. ஷட்டர் சில விநாடி திறந்திருந்தாலே ஒளிப்புள்ளிகள் கோடுகளாகிவிடும். கரையில் நின்று எடுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது: பூச்சிகளுக்குத் தொல்லை, படத்திலும் இலைதான் தெரியும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெசோன் பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸிலேயே காலம் தள்ளியவர். நீங்களும் இருப்பதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அமாவாசைதோறும் போய் வாருங்கள். குறை லென்ஸிலா, கண்ணிலா என்பதை உங்கள் படங்களே சொல்லிவிடும்.