ஒரே நாளில் நான்கு முறை லேசர்

கேள்வி: கையில் குத்திய டாட்டூவை அழிக்க, ஒரே நாளில் நான்கு முறை லேசர் அடிக்கலாமாமே?

பதில்: அப்படியொரு முறை உண்டு, 2012-இல் கிரேக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள். லேசர் பட்டதும் தோல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும். மையைச் சுற்றி எழும் நுண்ணிய வாயுக் குமிழ்களால் வரும் வெளுப்பு அது. அது இருக்கும்வரை அடுத்த ஒளி சரியாக உள்ளே இறங்காது. அது மறையத்தான் ஒவ்வொரு முறைக்கும் நடுவே 20 நிமிட இடைவெளி. ஆனால் மாநிறத் தோலில் மெலனின் என்ற நிறமியும் ஒளியை உறிஞ்சும். கொப்புளம், வெள்ளைத் திட்டு வரலாம். கறுப்பு மைக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரே நம் தோலுக்குப் பாதுகாப்பானது. எத்தனை முறை அடித்தாலும் அன்றே அழியாது. உடைந்த மையை உடல் வெளியேற்ற வாரக்கணக்காகும். அழகு நிலையத்துக்குப் போகாதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.