நாய்க்குட்டிக்குப் பெயரிடுதல்

நாய்க்குப் பெயரிடுவதும் விவசாய இலாகா போதிக்க வேண்டிய விஷயமோ என்று வாசகர்களில் சிலர் நகைக்கக்கூடும். உழவு மாட்டுக்குச் சுழி பார்க்கிறோம், பல் பார்க்கிறோம். விதைக்கு முளைப்புத் திறன் பார்க்கிறோம். களத்து மேட்டிலும் கடலைக் கொல்லையிலும் பத்து வருஷத்துக்கு மேல் நமக்காகக் காவலிருக்கப்போகும் பிராணிக்கு மட்டும், முதலில் வாயில் வந்த பெயரை வைத்து விடுகிறோம். இதனால் விளையும் கேட்டைச் சொந்த அனுபவத்தில் அறிந்தவனாதலின் இதை எழுதத் துணிந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் கூடுவாஞ்சேரியில் குடியிருந்தபோது ஒரு சிவப்புக் குட்டியை வளர்த்து வந்தேன். கம்பீரமாக இருக்க வேண்டுமென்று வீரபத்திரன் என்று பெயரிட்டேன். என் மனைவிக்கு அது செவலை. பிள்ளைகளுக்கு டாமி. வேலையாளுக்கு வெறும் "ஏய்" தான். இது ஒரு பிழை. இதனினும் பெரிய பிழை ஒன்றை நான் செய்தேன். குட்டி செருப்பைக் கடித்தாலும், நாற்றங்காலில் புரண்டாலும், நான் வைத்த பெயரைச் சொல்லியே அதட்டினேன். சில சமயம் அடிக்கவும் செய்தேன். ஒரு நாள் மாலை ஏரிப் பக்கமிருந்து திரும்புகையில், அது எதையோ துரத்திக்கொண்டு ரயில் பாதைமேல் ஏறிவிட்டது. வண்டி வருவதைக் கண்டு, "வீரபத்திரா!" என்று என்னால் இயன்ற மட்டும் கூவினேன். அது கேட்டது, நின்றது, திரும்பியும் பார்த்தது. ஆனால் ஓடி வரவில்லை. அடிக்கப் போகிறேன் என்றெண்ணி, வாலைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டு தண்டவாளங்களுக்கு நடுவிலேயே பதுங்கிவிட்டது. வண்டி ஓட்டியவர் மேல் குற்றமில்லை. நாயின் மேலும் இல்லை. அப்பெயருக்கு நான் கற்பித்த பொருளை அது சரியாகவே கற்றிருந்தது.

நாய் தன் பெயரை அறியுமா என்று ஐயுறுவோர் உளர். 2019-ம் வருஷத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் செய்த பரீட்சையில், பலர் பேசும் இரைச்சலுக்கு நடுவிலும் நாய்கள் தம் பெயரை வேறு பெயர்களிலிருந்து பிரித்தறிந்தன எனத் தெரியவந்தது. ஆகவே நாயின் செவியில் குறையில்லை. அப்பெயர் எத்தகைய ஓசை உடையது, அதைக் கேட்டபின் நாய் எதை எதிர்பார்க்கிறது என்னும் இரண்டையுமே நாம் கவனிக்க வேண்டும்.

ஓசையை முதலில் எடுத்துக்கொள்வோம். பெயர் இரண்டு அல்லது மூன்று எழுத்துக்கு மேற்படாதிருப்பது நலம். ஈறு உயிரோசையாக இருந்தால் இன்னும் நலம். நம் இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமையாகிய விளியைப் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: தூரத்தில் இருப்பவனை அழைக்கையில் ஈற்றை நீட்டியே அழைக்கிறோம். மணி என்பது "மணீ" என்றும், ராஜா என்பது "ராஜாஆ" என்றும் வயல் கடந்து செல்லும். 'ஜாக்' என்பதை அவ்வாறு நீட்ட வழியில்லை. வாய் மூடியதும் ஓசையும் அற்றுப் போகும். நம் கிராமத்தார் அதை 'ஜாக்கி' என்று மாற்றிக்கொண்டது அறியாமையால் அன்று. கொல்லையில் நின்று கூப்பிட்டுப் பார்த்த அனுபவத்தால் என்றே நான் கருதுகிறேன்.

இந்த விதி நம் தேசத்துக்கு மட்டும் உரியதன்று. சுமார் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் ரோமாபுரி ராஜ்யத்தில் விவசாய நூல் எழுதிய கொலுமெல்லா என்பவர், தமது ஏழாம் புத்தகத்தில், நாயின் பெயர் மிக நீண்டதாக இருந்தால் அது விரைவில் செவிகொடாது என்றும், ஈரசைக்குக் குறைந்ததாயும் இருக்கலாகாது என்றும் கூறியிருக்கிறார். அவர் எடுத்துக்காட்டும் பெண் நாய்ப் பெயர்களில் ஒன்று 'திக்ரிஸ்', அதாவது பெண்புலி. நம் தெருக்களில் திரியும் டைகர்களுக்கு இவ்வளவு பழைய வமிசாவளி உண்டென்பது வேடிக்கையே. பண்ணைக் காவலுக்குக் கருநிற நாயும், மந்தைக்கு வெண்ணிற நாயும் உகந்தவை என்பதும் அவர் கொள்கை. இருட்டில் ஓநாயென்று எண்ணி மந்தை நாயை அடித்துவிடக் கூடாதென்பது அதற்கு அவர் கூறும் காரணம்.

நம் நாட்டுச் சான்று இதனினும் அருமையானது. செங்கற்பட்டை அடுத்த வல்லத்தில் மலையைக் குடைந்து கோயில் எடுக்கப்பட்ட மகேந்திரவர்ம பல்லவன் காலத்திலேயே, திருவண்ணாமலை ஜில்லா எடுத்தனூரில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. அவ்வரசனது 34-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு உரியது. அவனுருவத்துடன் அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளனைக் கடித்துக் காவலிருந்தது என்னும் செய்தியும், கோவிவன் என்னும் அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. மாடு மேய்த்தவன் வாயால் அழைத்த ஒரு பெயர் ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு மேலாகக் கல்லில் நிற்கிறது. அதுவும் "கோவிவா" என்று நீட்டி அழைக்கத்தக்க பெயரே.

இனி விலக்க வேண்டியவை. ஏவும் சொல்லோடு ஒத்த பெயர் ஆகாது. நாயை ஏவ 'சூ' என்கிறோம். சூரன் என்று பெயரிட்டால், அழைக்கும்போதெல்லாம் எவர்மேல் பாயலாமென்று அது சுற்றுமுற்றும் பார்க்கும். 'வா' என்று தொடங்கும் பெயரும் அத்தகையதே. உழவு மாடு மயிலையோ செவலையோ ஆயின், நாய்க்கும் அப்பெயரை இடலாகாது. ராஜபாளையம் நாய்கள் பெரும்பாலும் வெண்ணிறமாதலின், அவ்வகைக் குட்டிகள் பல உள்ள ஊரில் வெள்ளையன் என்னும் பெயரால் ஒன்றையும் பிரித்தறிய முடியாது.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கும் ஒரு விஷயம் உண்டு. அண்டை வீட்டார்மேலுள்ள பகையைத் தீர்த்துக்கொள்ள அவர் பெயரையே நாய்க்கு இடுவோர் சிலர் உளர். வாய்க்கால் வரப்புத் தகராறு அடிதடியில் முடிவதற்கு இதுவே போதும். தொடக்கத்திலேயே நயமாகச் சொல்லி மாற்றச் செய்வது உத்தமம். ஒரே தெருவில் நான்கு 'மணி' இருப்பதாலும் தொல்லையுண்டு. ஒரு நாய் ஒருவரைக் கடித்துவிட்டால், கடிபட்டவரைத் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதோடு, அந்த நாயையும் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும். எந்த மணி, தடுப்பூசி போட்ட மணியா, போடாத மணியா என்று அப்போது விசாரித்துக்கொண்டிருப்பது நன்றன்று. குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் கால்நடை மருத்துவர் குறிக்கும் தவணைகளிலும் தவறாது போட வேண்டும். சான்றிதழில் வீட்டில் வழங்கும் பெயரையே எழுதச் செய்து, நிறத்தையும் அடையாளத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழக்கும் முறை சுலபமானது. குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்காதீர்கள். வீட்டுக்கு வந்த அன்றே பெயரை முடிவு செய்து, வேலையாட்கள் உட்பட எல்லோரும் அதையே வழங்க வேண்டும். சோறு வைக்கும்போது ஒரு முறை பெயர் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்ததும் வையுங்கள். பின்னர் நாலடி தள்ளி நின்றும், முற்றத்திலிருந்தும், வரப்பிலிருந்தும் அழைத்து, வந்தவுடன் ஒரு கவளமோ தடவலோ கொடுங்கள். கண்டிக்க நேர்ந்தால் 'கூடாது' என்று வேறு சொல்லால் கண்டியுங்கள்; பெயர் சொல்லி அதட்ட வேண்டாம். அழைத்து வரவழைத்து அடிப்பது எல்லாவற்றிலும் பெருங்கேடு. வளர்ந்த நாயை வாங்குவோர் பழைய பெயரையே வைத்துக்கொள்ளலாம். மாற்ற விரும்பினால், சில நாள் புதுப்பெயரை முன்னும் பழையதைப் பின்னுமாகச் சேர்த்துச் சொல்லி, பிறகு பழையதை விட்டுவிடலாம்.

இப்போது என்னிடமிருக்கும் கறுப்புக் குட்டிக்கு மிளகு என்று பெயர். எங்கள் தெருவில் அப்பெயருள்ள ஆளுமில்லை, மாடுமில்லை. வீட்டில் ஐந்து பேரும் அப்படியே அழைக்கிறோம். செருப்பு மட்டும் இதுவரை இரண்டு ஜோடி போயிற்று.