ஆடினால் நினைவு திரும்புமா?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. அல்சைமர் என்று இரண்டு வருஷமாக மாத்திரை தருகிறோம். என் பெயரே பல நாள் வருவதில்லை. ஆனால் சித்திரை வீதியில் நாதஸ்வரம் கேட்டால் கை தானாகத் தாளம் போடுகிறது. சிறுவயதில் கோலாட்டம் ஆடியவர். ஆட வைத்தால் நினைவு திரும்புமா? விழுந்துவிடுவாரோ என்றும் பயமாக இருக்கிறது.
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: போன நினைவு திரும்பாது அம்மா. ஆனாலும் ஆட வையுங்கள்.

அல்சைமர் பெரும்பாலும் முதலில் தாக்குவது, புதிய நிகழ்வுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை. பழகிப்போன அசைவுகளை வேறு பகுதிகள் காக்கின்றன. சிறுமூளை அவற்றில் ஒன்று. நோய் அங்கே பரவ நாளாகும். அதனால்தான் பெற்ற மகளின் பெயர் தவறிய பிறகும் தாளம் தவறவில்லை.

நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. உடலுழைப்புள்ள பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் மறதிநோய் வாய்ப்புக் குறைவோடு சேர்ந்து தெரிந்தது. ஆனால் அவர்கள் ஆய்வு தொடங்கியபோது நோய் இல்லாதவர்கள். நோயாளிகளுக்கு நடன அசைவுச் சிகிச்சை பலன் தருமா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் 2017இல் தேடியபோது, அவர்கள் வைத்த அளவுகோலுக்கு ஓர் ஆய்வுகூடத் தேறவில்லை. குணமாக்குகிறோம் என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிறகு எதற்கு ஆட்டம்? முகம் மலர்வதற்கு, உங்களோடு அவர் சேர்ந்திருப்பதற்கு. மருந்து தர முடியாத காரியம் இது, சிறியதென்று நான் நினைக்கவில்லை.

நடன அசைவுச் சிகிச்சை தெரிந்தவர்கள் அடவு சொல்லித் தருவதில்லை. நோயாளி கையை எப்படி அசைக்கிறாரோ அப்படியே தாங்களும் அசைப்பார்கள். நீங்களும் அதையே செய்யலாம். சாயங்காலத்தில் படபடப்பு வருமானால் அதற்கு முன்பே, கைப்பிடி வைத்த உறுதியான நாற்காலியில் உட்கார வைத்து எதிரே அமருங்கள். அவருக்குத் தெரிந்த பாட்டாக இருக்கட்டும். கோலைக் கையில் கொடுங்கள். தப்பாகத் தட்டினால் திருத்தாதீர்கள்; அந்தத் தட்டுக்கு நீங்கள் பதில் தட்டுங்கள். பத்து நிமிஷம் போதும். முகம் சுளித்தால் அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

எழுந்து ஆட விரும்பினால் கால்மிதியை அப்புறப்படுத்துங்கள், ஈரத்தரை கூடாது, புடவை தடுக்காமல் தூக்கிச் செருகுங்கள், கூடவே ஒருவர் நிற்கட்டும். தலைசுற்றல், மூட்டுவலி இருந்தால் டாக்டரிடம் காட்டிய பிறகே எழுப்புங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். வைகுண்ட ஏகாதசி நெரிசலுக்குள் அழைத்துப் போகவே வேண்டாம். புறப்பாடு வீதியில் வரும்போது வாசலில் உட்கார்ந்து சேவிக்கட்டும்.

பொறுப்பு முழுவதையும் நீங்களே சுமக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. முதியோருக்கான தேசிய இலவச உதவி எண் 14567. பராமரிப்பவர்களும் அழைக்கலாம், தயங்காதீர்கள்.