ஒன்பது மீட்டர் போதும்

பெங்களூரு லேஅவுட்களில் 30-க்கு 40 அடி சைட் என்று சொன்னாலே வீடு கண்முன் வந்துவிடும். கீழே வீட்டுக்காரர், மாடியில் இரண்டு குடித்தனம், வாசலில் நெருக்கியடித்து நிற்கும் ஸ்கூட்டர்கள், கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே ஐந்தாறு அடி. ராமமூர்த்தி நகரில் எங்கள் வீடும் அப்படித்தான். பகலில் ஆள் இல்லாத நேரத்தில் பார்சலை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். இரவில் வண்டியில் பெட்ரோல் குறைகிறது. மூவாயிரம் ரூபாய்க்குள் ஒரு வெளிப்புற வைஃபை கேமரா வாங்கி மாட்டினோம். அதோடு பழகியதில் தெரிந்துகொண்ட முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த விலைக் கேமராவுக்கு உங்கள் வாசலைக் காக்கும் வேலையை மட்டும் கொடுங்கள். தெரு முழுவதையும் பார்க்க வைத்தால் எதுவுமே உருப்படியாகத் தெரியாது.

கணக்குப் போட்டால் இது புரியும். கண்காணிப்புக் கேமராக்களுக்கென்று ஐ.இ.சி. 62676-4 என்று ஒரு சர்வதேசத் தரநிலை உண்டு. முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது அதன் 2014 பதிப்பில் உள்ள அளவு. தெரிந்தவரை ‘இவர்தான்’ என்று சொல்ல 125. யாரோ நடமாடுகிறார்கள் என்று மட்டும் சொல்ல 25. 3 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் அகலம் பொதுவாக 2304 பிக்சல். 250 ஆல் வகுத்தால் ஒன்பது மீட்டர் சொச்சம், அதாவது 30 அடி. நம் சைட்டின் முகப்பும் அதே அகலம்தான்! லென்ஸ் பக்கவாட்டில் 90 டிகிரி விரிகிறது என்று வைத்துக்கொண்டால், நாலரை மீட்டர் தள்ளி நிற்பவர் வரைக்கும் முகம் தெளிவாக விழும். எதிர்வீட்டு கேட், 30 அடி ரோட்டுக்கு அந்தப் பக்கம், பத்து மீட்டருக்கு மேல். அங்கே மீட்டருக்கு 110 பிக்சல் அளவுக்குத்தான் மிஞ்சும். பழகிய முகத்தைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. இது பகல் வெளிச்சத்துக்கான கணக்கு. இரவில் இன்னும் குறையும்.

மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் மாடி பால்கனியைக் காட்டினார். “மேல போட்டா ரோடு பூரா தெரியும் மேடம்.”

“ரோடு வேணாண்ணா. கேட்டத் தொறக்குறவங்க மூஞ்சி தெரிஞ்சாப் போதும்.”

அவர் சொன்ன உயரத்திலிருந்து பார்த்தால் வருகிறவரின் உச்சந்தலையும் தொப்பியும்தான் பதிவாகும். கையை நீட்டினால் எட்டாத உயரம், அதே சமயம் முகம் தெரிகிற உயரம், எட்டு ஒன்பது அடி. சன்ஷேடுக்குக் கீழே கிடைத்தால் மிக நல்லது. மழைச் சாரலும் மதிய வெயிலும் நேரே படாது.

சுவரில் துளை போடுவதற்கு முன் கேமராவை அந்த இடத்தில் தற்காலிகமாகக் கட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்து கரண்ட் கொடுத்து, ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பாருங்கள். படம் விட்டு விட்டு வருகிறதா, தெருவிளக்கு நேராகக் கண்ணில் அடிக்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். இந்த விலையில் வரும் பெரும்பாலான கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். ரவுட்டர் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் கொடுத்துக்கொண்டிருந்தால் முதல்முறை இணைக்கும்போது தகராறு வரலாம்; ரவுட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் தீர்ந்தது. எங்கள் தெருவில் போனைத் திறந்தால் இருபது வீட்டு வைஃபை வரிசையாக வரும். எல்லோரும் ஒரே சேனலில் நெரிந்துகொண்டிருப்பார்கள். 1, 6, 11 ஆகிய மூன்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்ட வேண்டியிருந்தால் கேமராவை மாற்றுவதைவிட ரவுட்டரை ஜன்னல் பக்கம் நகர்த்துவது சுலபம்.

வைஃபை என்றாலும் கரண்ட் வயர் வேண்டும். ஐ.பி.66 என்று போட்டிருந்தால் தூசி புகாது, பீய்ச்சியடிக்கிற தண்ணீரையும் தாங்கும் என்று பொருள். அது கேமராவின் உடம்புக்கு மட்டும். கூட வரும் அடாப்டருக்கும் வயர் முனைக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அடாப்டரை வீட்டுக்குள்ளே வையுங்கள். வயர் சுவருக்குள் நுழையும் இடத்தில் அதைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றித் துளைக்குள் விடச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். மே மாதத்துக் கோடை மழையில் கரண்ட் போகாத தெரு இந்த ஊரில் அபூர்வம். ஆகவே கேமராவும் ரவுட்டரும் இரண்டுமே இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்து பயனில்லை. இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ரவுட்டருக்கான சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது.

பேட்டரி, சோலார் கேமராக்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கரண்ட் வயர் எட்டாத காலி சைட்டுக்கும் தோட்டத்துக்கும் அவை சரி. பேட்டரியை மிச்சம் பிடிக்க அவற்றில் பல தூங்கிக்கொண்டிருந்து, ஆள் அசைந்த பிறகுதான் விழிக்கும்; அதற்குள் பார்சலை எடுத்தவர் திரும்பி நடக்க ஆரம்பித்திருப்பார். வீட்டு வாசலுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரவில் வரும் பெரிய தொல்லை சிலந்தி. கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் நம் கண்ணுக்கு மங்கிய சிவப்புப் புள்ளிகள்தான். பூச்சிகள் அங்கே மொய்க்கும். பூச்சி இருக்கும் இடத்துக்குச் சிலந்தி வரும். லென்ஸுக்கு இரண்டு விரல்கடை முன்னால் ஓர் இழை கட்டிவிட்டால் போதும், அந்த விளக்கு பட்டு அது படத்தின் குறுக்கே தடித்த வெள்ளைக் கயிறாக ஆடும். காற்று அசைக்கும்போதெல்லாம் போனில் ‘அசைவு’ என்று மணி அடித்துக்கொண்டே இருக்கும். விடிந்ததும் போய்ப் பார்த்தால் சுவரோரத்தில் கடுகளவு சிலந்தி ஒன்று உட்கார்ந்திருக்கும். எனக்குப் பலன் கொடுத்த வழி, அகச்சிவப்பை அணைத்துவிட்டு, கேமராவிலிருந்து தள்ளி, போர்ட்டிகோவில் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை ராத்திரி முழுக்க எரியவிட்டது. பூச்சியெல்லாம் பல்புக்குப் போய்விட்டது. படமும் கலரில் வருகிறது. சட்டை சிவப்பா நீலமா என்று சொல்ல முடிகிறது. வாரம் ஒருமுறை மெல்லிய துணியால் லென்ஸைத் துடைப்பதை வாசல் பெருக்குவதோடு சேர்த்துக்கொண்டேன். ஆப்பில் அசைவைக் கவனிக்கும் கட்டத்தை கேட்டுக்கு உள்ளே மட்டும் வரைந்து, ‘மனிதர்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால், தென்னமட்டை ஆடுவதற்கும் தெருநாய்க்கும் மணி அடிக்காது. அடிக்கடி அடிக்கிற மணியை நாமே அணைத்துவிடுவோம். அப்புறம் கேமரா இருந்தும் பிரயோஜனமில்லை.

மெமரி கார்டுக்கு ‘ஹை எண்டூரன்ஸ்’ என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். இடைவிடாமல் எழுதி அழிக்கிற வேலைக்குச் சாதாரண கார்டு சீக்கிரம் ஓய்ந்துவிடும். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு நாளுக்கு 21 ஜி.பி.க்கு மேல் ஆகும். 128 ஜி.பி. கார்டில் ஆறு நாளுக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வருகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மாட்டிய அதே வாரம் எதிர்வீட்டு அம்மா கேட்டைத் தாண்டி வந்தார். “காலைல நான் ரங்கோலி போடறது, தலை காய வெக்கறது எல்லாம் உன் போன்ல வருமாம்மா?” அவர் கேட்டதில் முழு நியாயம் இருந்தது. “வாங்க ஆன்ட்டி, நீங்களே பாருங்க” என்று போனை அவர் கையிலேயே கொடுத்தேன். அவருடைய கேட் இருக்கும் இடத்தில் கறுப்புக் கட்டம் ஒன்று போட்டு மறைத்திருந்தேன். பெரும்பாலான ஆப்களில் அந்த வசதி இருக்கிறது, அங்கே எதுவுமே பதிவாகாது. கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். “இது எப்பவும் இருக்குமா?” என்று இன்னொரு தரம் கேட்டுக்கொண்டு, அதன்பிறகுதான் காப்பி குடிக்க உட்கார்ந்தார். மைக்கையும் அணைத்துவைத்திருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் பேசுவது நமக்கு எதற்கு?

அந்த அம்மா கேட்டதற்குச் சட்டத்திலும் இடம் உண்டு. கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே.எஸ். புட்டசாமி இதே பெங்களூருவில் வாழ்ந்தவர். அவர் ஆதாரை எதிர்த்துத் தொடுத்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2025-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், ஒரே வீட்டில் கூடவே குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா ஓடக் கூடாது என்றது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. மாடியில் குடித்தனம் வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் குடித்தனக்காரர்களிடம் கேமரா எங்கே, எதைப் பார்க்கிறது, எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லி, படிக்கட்டு படத்தில் விழாதபடி திருப்பிவைத்தோம்.

பாஸ்வேர்டில் அலட்சியம் கூடாது. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்படப் பல தளங்கள் முடங்கின. ‘மிராய்’ என்ற தீம்பொருள், கம்பெனி வைத்துக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் பிடித்துவைத்து அந்தத் தாக்குதலை நடத்தியது. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல், மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை விதிகளுக்கு உட்பட்ட சி.சி.டி.வி. கேமராக்களையே விற்க வேண்டும். பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். ரவுட்டரில் விருந்தினர் வைஃபையைத் திறந்து கேமராவை அதில் விடுங்கள். ஆப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள்.

2013 நவம்பர் 19 அன்று பெங்களூரு கார்ப்பரேஷன் சர்க்கிள் ஏ.டி.எம்.முக்குள் ஒரு பெண் வெட்டப்பட்ட காட்சியை நாடே பார்த்தது. தாக்கியவன் கேமராவில் விழுந்தான், பிடிபட்டது 2017-இல். கேமரா எந்தக் கையையும் தடுக்காது. நல்ல பூட்டையும் வாசல் விளக்கையும் வாங்கிய பிறகு மிஞ்சுகிற காசில் கேமரா வாங்குங்கள்.

ஆனால் நடந்து முடிந்ததைத் தேடக் கேமரா உதவும். 2024 மார்ச் 1 அன்று பெங்களூரு ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தபோது, பஸ்ஸிலும் தெருக்களிலும் இருந்த வெவ்வேறு கேமராப் பதிவுகளைக் கோத்துத்தான் சந்தேக நபர் போன வழியைப் பின்தொடர்ந்தார்கள். அப்படிக் கோக்க, உங்கள் கேமராவின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். ஆப்பில் இந்திய நேரம்தானா என்று பாருங்கள். போலீஸ் கேட்டால் வாட்ஸாப்பில் அனுப்பிய நகல் போதாது. அதில் படம் சுருங்கிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் எண்ணும் கேட்கிறது. சம்பவம் நடந்த அன்றே கார்டைக் கழற்றி, வேறு கார்டு போட்டுவிட்டு, பழையதைத் தொடாமல் எடுத்துவையுங்கள். கழற்றாமல் விட்டால் ஆறு நாளுக்குள் அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிடும்.