செலான் வந்தா கட்டிடணுமா, கோர்ட்டுக்குப் போகணுமா?

வண்டிக்கு செலான்னு போன்ல மெசேஜ் வந்ததும் வீட்டுல ரெண்டு குரல் கேட்கும். ‘ஐநூறு ரூபாதானே, கட்டிட்டு வேலையைப் பாரு’ன்னு ஒண்ணு. ‘நான் எதுக்குக் கட்டணும், கோர்ட்டுல பார்த்துக்கறேன்’னு இன்னொண்ணு. தங்கச்சி, ரெண்டையும் கொஞ்சம் ஓரமா வை. உன் கையில என்ன ஆதாரம் இருக்குங்கறதை வெச்சுத்தான் இதை முடிவு பண்ணணும். தொகையும் கோபமும் அதுக்கப்புறம்தான்.

முதல்ல அந்த செலான் நிஜமான்னு பாரு. வாட்ஸ்அப்புல செலான்னு சொல்லி ஏபிகே ஃபைல் வந்தா தொடவே தொடாதே. அதை இன்ஸ்டால் பண்ணினா பேங்க் ஓடிபி வரைக்கும் திருடன் கைக்குப் போயிடும். மெசேஜ்ல இருக்கிற லிங்க்கையும் அழுத்தாதே. பரிவாஹன் இ-செலான் தளத்துக்கு நீயே போய், ஆர்.சி.யைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு வண்டி நம்பரைப் போட்டுத் தேடு. அங்கே இருந்தா நிஜம்.

இருந்தா, போட்டோவைப் பெருசு பண்ணிப் பாரு. அவசரமே வேண்டாம். நம்பர் பிளேட்டுல 8-ஐ பி-ன்னும், 0-ஐ டி-ன்னும் கேமரா படிச்சிருக்கலாம். போட்டோவுல கறுப்பு பைக் நிக்குது, உன்னோடது வெளிர்நீல ஸ்கூட்டி. அவ்வளவு போதும், கேஸ் உன் பக்கம். வண்டி ஒண்ணு மாதிரியே இருந்தாலும் விட்டுடாதே. கண்ணாடி ரெண்டும் இருக்கா, பின்னாடி கிராப் ரெயில் இருக்கா, மட்கார்டுல ஸ்டிக்கர் என்ன, நம்பர் எழுதியிருக்கிற விதம் என்னன்னு உன் வண்டியோட ஒவ்வொண்ணா ஒத்துப் பாரு. அப்புறம் இடமும் நேரமும். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு சென்னை அண்ணா சாலைன்னு போட்டிருக்கு, நீ அப்போ திருச்சி ஆபீஸ்ல வருகைப் பதிவு வெச்சிருக்கேன்னா, அந்தப் பதிவோட நகலை உடனே வாங்கி வெச்சிடு. பார்க்கிங் ரசீது, பெட்ரோல் பில், சுங்கச்சாவடி மெசேஜ் எல்லாமே ஆதாரம்தான். உன் நம்பரை வேற யாரோ போலியா மாட்டிக்கிட்டு ஓட்டுறாங்கன்னு சந்தேகம் வந்தா, ஃபைனோட நிறுத்தாதே. போலீஸ்ல எழுத்துல புகார் கொடுத்து ரசீது வாங்கு. நாளைக்கு அந்த வண்டி யார் மேலயாவது மோதிட்டா, போலீஸ் தேடி வர்றது உன் வீட்டுக்குத்தான்.

கேமரா போட்ட செலானுக்குன்னு 2021-ல மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 167ஏ-ன்னு ஒரு விதியைச் சேர்த்தாங்க. கேமராவுக்கு அங்கீகாரச் சான்று இருக்கணும், கண்காணிப்பு இருக்குன்னு ரோட்டுல அறிவிப்புப் பலகை இருக்கணும், நம்பர் தெளிவாத் தெரியற போட்டோ இருக்கணும், 15 நாளைக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும்னு அது சொல்லுது. ஆட்சேபம் எழுதும்போது இதையும் சேர்த்துக்கோ. ஆனா சிக்னலைத் தாண்டினது போட்டோவுல பளிச்னு தெரியும்போது, நோட்டீஸ் பதினேழாவது நாள் வந்ததுங்கற ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டு கோர்ட் ஏறாதேன்னுதான் நான் சொல்லுவேன்.

போலீஸ் நேர்ல நிறுத்தி எழுதின செலான்னா கதை வேற. அங்கே போட்டோ இல்லாமலும் இருக்கும். அவர் சொல்றதுக்கு எதிரா நீ சொல்றது. அதனால அந்த இடத்துல வாக்குவாதம் பண்ணாம, அவர் பேர், நேரம், இடம் மூணையும் குறிச்சுக்கோ. நோ என்ட்ரி போர்டை மரக்கிளை மறைச்சிருந்தா, ஸ்டாப் லைன் அழிஞ்சு போயிருந்தா, ஓரமா நின்னு உடனே போட்டோ எடு. அடுத்த வாரம் போனா கிளையை வெட்டியிருப்பாங்க. கையில பணம் கொடுக்காதே. மெஷின்ல வர்ற ரசீது இல்லாம எந்த ஃபைனும் ஃபைன் கிடையாது. லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் காகிதம் கையில இல்லைன்னா டிஜிலாக்கரையோ எம்-பரிவாஹனையோ திறந்து காட்டு. 2018 நவம்பர்லேர்ந்தே அது சட்டப்படி செல்லும். அன்னைக்கு இன்ஷூரன்ஸ் உயிரோட இருந்தும் ‘இல்லை’ன்னு எழுதியிருந்தா அந்த செலானைக் கண்டிப்பா எதிர்க்கணும். பாலிசியோட தேதி ஒண்ணே போதும்.

இனி பணக் கணக்கு. தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல ஃபைனை எல்லாம் ஏத்தினாங்க. சிக்னல் தாண்டினா 500, ஹெல்மெட் இல்லைன்னா 1,000, அதுவும் பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் சேர்த்து. ஐநூறுக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு கோர்ட் வராந்தாவுல நிக்கணுமான்னு தோணும். நியாயம்தான். டவாலி உன் பேரைக் கூப்பிடறதுக்கே மதியம் ஆயிடலாம். நீ ‘குற்றத்தை ஒத்துக்கலை’ன்னு சொன்னா சாட்சி விசாரணை, வாய்தான்னு நீளும். நீ இருக்கிறது மதுரையில, செலான் போட்டது சென்னையிலன்னா கேஸும் சென்னையிலதான் நடக்கும்.

ஆனா இதோட இன்னொரு பக்கத்தை நிறைய பேர் பார்க்கறதில்லை. 2019 திருத்தத்துக்கு அப்புறம், நீ பணம் கட்டி முடிச்ச குற்றமும் ‘முதல் தடவை’ன்னு கணக்குல ஏறிடும். வண்டி ஓட்டும்போது போன் பேசினா முதல் தடவை 1,000. மூணு வருஷத்துக்குள்ள மறுபடி மாட்டினா 10,000. செய்யாத தப்புக்கு இன்னைக்கு ஆயிரம் கட்டினா, அடுத்த செலான் நேரா பத்தாயிரத்துல நிக்கும். போன், சிக்னல், ஓவர் ஸ்பீடு விஷயங்கள்ல லைசென்ஸை மூணு மாசம் நிறுத்தி வைக்கவும் வழி இருக்கு. டாக்ஸி ஓட்டுறவங்க, டெலிவரி வேலை பார்க்கிறவங்களுக்கு அது மூணு மாசச் சோறு. அதனால லைசென்ஸை வெச்சுப் பிழைக்கிறவங்க சின்னத் தொகைன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கட்டக் கூடாது.

இதுக்கெல்லாம் நேரா கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. முதல்ல இ-செலான் தளத்துலயே புகார் போடு, போட்டோவையும் ஆர்.சி.யையும் இணைச்சு. செலான் போட்ட டிராஃபிக் போலீஸ் ஆபீஸுக்கும் ஒரு மனு கொடு. நம்பர் தப்பு மாதிரி கண்ணுக்குத் தெரியற விஷயம் அங்கேயே முடிய வாய்ப்பு இருக்கு. முடியலைன்னா கேஸ் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போகும். அங்கே ரெண்டே வழி: குறிச்ச ஃபைனைக் கட்டலாம், இல்லைன்னா எதிர்க்கிறேன்னு தேர்ந்தெடுக்கலாம். எதிர்த்தா கேஸ் அந்தப் பகுதி கோர்ட்டுக்கு மாறும். ஓடிபி போட்டு உறுதி பண்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை படி. கட்டிட்டா அதோட முடிஞ்சது, அப்புறம் ‘நான் செய்யலை’ன்னு பேச இடமில்லை. எத்தனை நாளைக்குள்ள எதிர்க்கணும்னு செலான்ல போட்டிருக்கிற தேதியைக் காலண்டர்ல குறிச்சு வை. எதுவுமே செய்யாம விடறதுதான் இருக்கிறதுலயே மோசமான வழி. சம்மன் வரும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையும் நின்னு போகும்.

தப்பு செஞ்சது உண்மை, ஆனா காரணம் இருந்தது, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்னு வெச்சுக்கோ. ஒத்துக்கிட்டு, அட்மிஷன் சீட்டைக் காட்டி, குறைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்கிட்ட கேட்கலாம். ‘500 வரை’ன்னு சட்டம் சொல்ற பிரிவுல அவரால குறைக்க முடியும். ஹெல்மெட் மாதிரி ஆயிரம்னு தொகையையே எழுதி வெச்சிருக்கிற பிரிவுல அதுக்கு இடம் ரொம்பக் குறைவு.

குடிச்சுட்டு ஓட்டின கேஸ், யாருக்காவது அடிபட்ட கேஸ், பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டி எடுத்துட்டுப் போன கேஸ், இந்த மூணுலயும் சொந்தமா எதுவும் முடிவு பண்ணாதே. ஜெயில் வரைக்கும் போகிற பிரிவுகள் அது. வக்கீல் வேணும். பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், 15100-க்கு போன் பண்ணியும் கேட்கலாம். கூச்சப்படாம கேளு, அது உன் உரிமை.

வித்த வண்டிக்கு செலான் வந்தா, பேர் மாத்தியாச்சான்னு முதல்ல பாரு. ஆர்.சி.யில உன் பேர் இருக்கிற வரைக்கும் பதில் சொல்ல வேண்டியது நீதான். வித்த 14 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும்கறது சட்டம். படிவம் 29-ல கையெழுத்துப் போட்ட நகல், பணம் வந்த பேங்க் பதிவு, வாங்கினவர் ஆதார் நகல் மூணும் இருந்தா எதிர்க்கலாம்.

கேஸ் உன் பக்கம் முடிஞ்சா உத்தரவோட சான்றிட்ட நகலுக்கு அன்னைக்கே மனு போடு. ரெண்டு வாரம் கழிச்சு இ-செலான் தளத்துல அந்த நம்பரை மறுபடி தேடு. இன்னும் ‘பெண்டிங்’னே காட்டினா, உத்தரவு நகலோட டிராஃபிக் ஆபீஸுக்குப் போய் நீக்கச் சொல்லு.